செத்தவர் வீட்டுப் பாட்டுகள்

உங்கள் வீட்டுப் பெண்களில் ஒருவர், தன் சம்பளத்தில், தன் மகிழ்ச்சிக்காக மட்டும் கடைசியாக எதை வாங்கினார்? பிள்ளைக்குச் செருப்பு, கணவருக்குச் சட்டை, சமையலறைக்குக் குக்கர் என்று சொல்லி நழுவ வேண்டாம். தனக்காக என்று கேட்கிறேன். பதில் சட்டென்று வரவில்லையென்றால் தட்டுக்காரியின் கதையைக் கேளுங்கள்.

தட்டுக்காரி என்பது அண்ணி கேலியாக வைத்த பெயர். அவருக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. ஆள் உயர இயந்திரங்கள், ஓயாத நீராவி, இடுப்பை ஒடிக்கும் ஈரத்துணி. மாலையில் விரல்நுனி வெளுத்துச் சுருங்கி வீடு திரும்புவார். மணமாகவில்லை. அண்ணன் வீட்டில், ஒரு காலத்தில் சாமான் போட்டுவைத்திருந்த அறைதான் அவர் அறை. சம்பளத்தில் பெரும்பகுதி அண்ணன் கைக்குப் போய்விடும். மீந்ததில் இசைத்தட்டு வாங்கினார்.

அவர் செய்த குற்றம் அவ்வளவுதான்.

ஞாயிறு சந்தையின் கோடியில், கால் போன நாற்காலிகளுக்கும் இறக்கை வளைந்த மின்விசிறிகளுக்கும் நடுவே ஒரு பழைய பொருள் கடை. அங்கே அட்டைப்பெட்டிகளில் தட்டுகள் நின்றபடி அடுக்கியிருக்கும். உறைகளை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போவதில் உள்ள சுகத்தை அவர் வேறெதிலும் கண்டதில்லை. வேண்டாதது, வேண்டாதது, ஏற்கெனவே இருப்பது, வேண்டாதது. திடீரென்று விரல் நிற்கும். தட்டைப் பாதி உருவி வெயிலுக்குச் சாய்ப்பார். கீறல் இருந்தால் வெயில் காட்டிக்கொடுத்துவிடும். நல்ல தட்டாக இருந்தால் உடனே முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்வார், ஆசை தெரிந்தால் விலை ஏறிவிடுமே. கடைக்காரர் மட்டும் லேசுப்பட்டவரா? "அம்மா மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டாங்க. இன்னிக்கு நல்ல சரக்கு மாட்டிக்கிச்சு போல" என்பார்.

வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு சோப்பு, பழம்புடவைத் துண்டு. நடுவிலுள்ள காகிதம் நனையாமல், வரிகளின் போக்கிலேயே துடைப்பார். பாத்திரக் கூடையில் தட்டுகளோடு தட்டாக அதுவும் காயும். உறையை அதற்குள் படித்து முடிப்பார். யாரோ மையில் எழுதிய பெயர், யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து, தேநீர்க் கோப்பை வைத்த வட்டக் கறை. பிறகு தட்டைப் பிளேயரில் வைத்து முள்ளை இறக்குவார். பாட்டு தொடங்குமுன் வரும் அந்தச் சின்னப் பொரிச்சத்தத்தில் சலவைக்கூடத்து இரைச்சல் காதைவிட்டு இறங்கிப் போகும்.

அண்ணன் ஊதித் தள்ளும் சிகரெட்டை அந்த வீட்டில் யாரும் செலவு என்று சொன்னதில்லை. தட்டு மட்டும் தண்டம்.

வெறும் தண்டமாக இருந்தவரை பிழைத்தது. அண்ணி படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டதும் அது சாபமாகிவிட்டது. மாடிவீட்டு அம்மாள்தான் கண்டுபிடித்துச் சொன்னார். இந்தத் தட்டுகளெல்லாம் செத்தவர் வீடுகளிலிருந்து வருபவை. பெரியவர் கண்ணை மூடியதும் பிள்ளைகள் விற்றுத் தள்ளுபவை. செத்தவர் ஆசையாக வைத்திருந்ததை வீட்டுக்குள் கொண்டுவந்தால் காலோடு நிற்குமா? அந்த அம்மாள் படியில் சிந்தியிருந்த எண்ணெயைப் பற்றி அந்த ஆராய்ச்சியில் பேச்சே இல்லை.

அடுத்த வாரம் ஒரு மாலை தட்டுக்காரி வீடு திரும்பியபோது, கட்டுப் போட்ட காலோடு அண்ணி கூடத்தில் வெலவெலத்துக் கிடந்தார்.

"உன் ரூம்ல ஆம்பளை ஒருத்தன் முனகுறான். தொண்டையில மண்ணு அடைச்ச மாதிரி. யாரும் தொடல, அதுவா பாடுச்சு."

தட்டுக்காரி அறைக்குள் போனார். பிளேயர் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. முள் கடைசி வரியில் சர் சர்ரென்று தேய்ந்துகொண்டிருந்தது. மேலே இருந்தது ஒரு சின்னத் தட்டு, காலையில் அடுக்கில் இருந்த தட்டு. அதன் உறை கட்டிலின்மேல் கசங்காமல் கிடந்தது. ஒழுங்கான ஆவிதான். பக்கத்தில் அண்ணியின் ஊன்றுகோலையும் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தது.

ஊன்றுகோலைச் சத்தமில்லாமல் எடுத்துவந்து அண்ணியின் அருகில் சாய்த்துவைத்தார். சொன்னால் அண்ணனின் கோபம் அண்ணி பக்கம் திரும்பும், அவ்வளவுதான். ஆனால் அண்ணன் அன்றே முடிவெடுத்துவிட்டார்: ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான்காரர் வருவார், மொத்தமும் எடைக்குப் போகும். பதினோரு வருடமாக ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தவை.

ஞாயிறு காலை. சாமான்காரர் தராசோடு கூடத்தில் நின்றார். முதல் அடுக்கைத் தூக்கிவந்த அண்ணனுக்கு முன்னால் தட்டுக்காரி கதவை மறித்து நின்றார்.

"அண்ணா, நான் தினமும் என்ன துவைக்கிறேன்னு தெரியுமா? செத்தவங்க படுத்திருந்த விரிப்பு. அதைத் துவைச்ச காசுலதான் இந்த வீட்ல அரிசி வருது. அதுல மட்டும் சாபம் ஒட்டாதா?"

"அது வேலை. இது வேற" என்றார் அண்ணன்.

"சரி, பேய் இருந்தா எல்லார் முன்னாடியும் பாடட்டும். பாடிட்டா நானே தூக்கி வண்டியில ஏத்துறேன்."

பிளேயரைக் கொண்டுவந்து அண்ணியின் பக்கத்து மேசையில் வைத்தார். அதே சின்னத் தட்டு. முள் இறங்கியது. கிணற்றடியிலிருந்து வருவதுபோல் ஒரு கனத்த ஆண்குரல் இழுத்து இழுத்து முனகியது. அண்ணன் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு ஓரடி பின்னால் போனார். சாமான்காரர் தராசை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அண்ணி, அந்தக் குமிழைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்புங்க."

அண்ணி விரலை நீட்டினார். திருப்பினார்.

முனகல் பாதியிலேயே எழும்பியது. மேலே, மேலே ஏறி, ஓர் இளம்பெண்ணின் குரலாகி, மழையில் நனைந்தபடி ஓடுவதைப் பற்றிய ஒரு வேடிக்கைப் பாட்டாகித் துள்ளியது. நடுவில் அந்தப் பெண் சிரிக்கவே செய்தாள்.

"பெரிய தட்டு மெதுவா சுத்தணும், சின்னது வேகமா சுத்தணும். அன்னைக்கு முந்தின நாள் நான் பெரிய தட்டைக் கேட்டுட்டுக் குமிழை அங்கேயே விட்டுட்டேன். பேய் அவ்வளவுதான்."

அண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கட்டுப் போட்ட கால் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே சொன்னார்.

"நான்தான் போட்டேன். நாள் பூரா சுவத்தையே பாத்துக்கிட்டுக் கெடந்தா பைத்தியம் பிடிக்காதா? ஒரு பாட்டு கேக்கணும்போல இருந்துச்சு. இவ்வளவு நாள் உன்னைக் கிண்டல் பண்ணிட்டு உன்கிட்டயே கேக்க வெக்கமா இருந்துச்சு."

சாமான்காரர் தொண்டையைச் செருமினார். "எடைக்குப் போடறீங்களா இல்லையா? இல்லேன்னா தட்டோட மறுபக்கத்தையும் போடுங்க. கேட்டுட்டுக் கெளம்பறேன்."

அண்ணன் சட்டைப்பையில் சிகரெட்டைத் தடவினார். "வெளிய போய் ஊதுங்க. தட்டுல சாம்பல் விழும்" என்றார் அண்ணி.

அன்றே இசைத்தட்டு அடுக்கு சாமான் அறையிலிருந்து கூடத்துக்கு வந்தது. தூக்கிவந்தவர் அண்ணன். கட்டுப் பிரித்ததும் அண்ணி முதலில் போன இடம் ஞாயிறு சந்தை. நல்ல தட்டைக் கண்டதும் "ஐயோ, இதுதான்" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்துவைத்து விலையை ஏற்றிவிட்டார். முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்ள அவருக்கு இன்றுவரை வரவில்லை. மாடிவீட்டு அம்மாள் சாபத்தைக் கைவிடவில்லை. ஆனால் மாலைகளில் படியில் உட்கார்ந்து கேட்கிறார், எண்ணெயைத் துடைத்துவிட்டு.

சரி, தொடக்கத்தில் கேட்டதற்கு வருவோம். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் அம்மாவிடமோ தங்கையிடமோ மனைவியிடமோ, உனக்கு என்ன பாட்டு கேட்க வேண்டும் என்று கேளுங்கள். "எனக்கென்ன, எதுவும் வேண்டாம்" என்பார். எழுந்துவிடாதீர்கள். உண்மையான பதில் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.