அப்பா ஆண்டவருக்குக் கொடுத்த சாயங்காலங்கள்

நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் அப்பா தினமும் இரண்டு மணி இருபத்து நான்கு நிமிஷத்தை ஆண்டவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் தொடங்கியது. போதகர் அன்றைக்கு உக்கிராணத்துவத்தைப் பற்றிப் பேசினார். வீட்டுக்காரர் நம்பி ஒப்படைத்த சாமான் அறையைப் பார்த்துக்கொள்கிறவன்தான் உக்கிராணக்காரன். நம் கையில் இருக்கும் பணமும் நேரமும் தாலந்து என்கிற திறமையும் நம்முடையவை அல்ல, பார்த்துக்கொள்ளக் கொடுக்கப்பட்டவை. அதில் பத்தில் ஒரு பங்கையாவது திருப்பிக் கொடுக்க மனசு வரவேண்டும் என்றார். எல்லோரும் தலையசைத்தார்கள். அப்பா மட்டும் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

விருத்தாசலத்தில் அப்பா ஃபியூஸ் கேரியர் செய்யும் பீங்கான் பட்டறை ஒன்றில் சூளை பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம் ஆர்டர் குறைந்து காலையில் மட்டும்தான் வேலை. பணத்தில் பத்தில் ஒன்று என்றால் காணிக்கைப் பையில் போடவே கூச்சமாக இருக்கும். தாலந்தோ, தனக்கு எதுவும் இல்லை என்பது அவருடைய உறுதியான அபிப்பிராயம். அவர் பாடினால் பக்கத்தில் நிற்பவர்கள் ராகத்தைத் தவறவிட்டுவிடுவார்கள். மிச்சம் இருந்தது நேரம். என் ரஃப் நோட்டை வாங்கி, இருபத்து நாலை அறுபதால் பெருக்கி, பத்தால் வகுத்து, நூற்று நாற்பத்து நாலு நிமிஷம் என்று அடியில் கோடு போட்டார்.

“தூங்குற நேரத்துக்கும் சேத்தா?” என்று அம்மா கேட்டாள்.

“தூங்குற நேரமும் அவரு குடுத்ததுதானே.”

கொடுப்பது என்று முடிவானபின் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. முதல் நாள் நாலு மணிக்குப் போய் ஆலயத்தில் உட்கார்ந்தார். ஐந்து மணிக்குக் கதவைப் பூட்ட வேண்டும் என்று அங்கே கூட்டுகிறவர் சாவியை ஆட்டிக்கொண்டு நின்றார். அப்புறம் வெளியே புல் பிடுங்கினார். ஒரு வாரத்தில் புல் தீர்ந்துபோயிற்று. ரயில்வே ஜங்ஷனில் போய் நின்று வயதானவர்களின் பையைத் தூக்கப் பார்த்தார். இரண்டு பேர் பையைத் தர மறுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் அவருடைய பழைய கூட்டாளியைப் பற்றித் தெரியவந்தது. இருவரும் ஒரே நாளில் பட்டறையில் சேர்ந்தவர்கள். அப்பா சூளைக்குப் போனார், அவர் கல் அரைக்கிற பக்கம் போனார். பல வருஷம் அந்த வெள்ளைத் தூளிலேயே நின்றதில் நெஞ்சு கெட்டுப்போய், நாற்பது வயதிலேயே வீட்டோடு முடங்கியிருந்தார். நான் அவரை மாமா என்றும் அவர் மனைவியை அத்தை என்றும் கூப்பிடுவேன். பொம்மை செய்யும் இடம் ஒன்றில், வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் வேலை அத்தைக்குக் கிடைத்திருந்தது. நாலு மணிக்குப் போனால் ஆறரைக்கு வரலாம். ஆனால் இருமல் வந்தால் மாமாவைத் தூக்கி உட்காரவைக்க ஆள் வேண்டும். தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது?

அப்பா போனார். இந்த நலம் விசாரிப்பெல்லாம் நிஜமா, இல்லை டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு வருகிறாரா என்று அம்மாவுக்கு ஒரு சந்தேகம். அதற்காகப் பள்ளிக்கூடம் விட்டதும் என்னையும் சைக்கிளில் ஏற்றிவிட்டாள். நான் வேவு பார்க்கப் போகிறேன் என்பது எனக்கே தெரியாது.

மாமா வீடு தண்டவாளத்தை ஒட்டிய தெருவில் ஒற்றை அறை. ஒரு சுவரில் கொளஞ்சியப்பர் முருகன் படம், எதிரே ஒரு ஜன்னல், இரண்டுக்கும் நடுவில் ஒரு பெஞ்சு. சுவர்க்கடிகாரம் கிடையாது, ஜன்னலுக்கு வெளியே போகும் ரயில்களை வைத்தே மாமா மணி சொல்லிவிடுவார். அப்பா அங்கே ஜெபம் பண்ணவும் இல்லை, வசனம் சொல்லவும் இல்லை. கல்யாணத்துக்கு வாங்கிய கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைப்பார். வெந்நீர் கொடுப்பார். பிறகு பெஞ்சின்மேல் மாமாவின் முதுகோடு தன் முதுகைச் சேர்த்து உட்கார்ந்துகொள்வார். படுத்தால் மாமாவுக்கு மூச்சு முட்டும், சுவரில் சாய்ந்தால் எலும்பு குத்தும். அப்பாவின் முதுகு தோதாக இருந்தது. மாமா ஜன்னலைப் பார்த்து, அப்பா கொளஞ்சியப்பரைப் பார்த்து, இரண்டு பேரும் பேசாமல் அப்படியே இருப்பார்கள். மாமா மூச்சு இழுக்கும்போது அப்பாவின் தோளும் கொஞ்சம் ஏறி இறங்கும். வெயில் மெதுவாகத் தரையில் நகரும். அந்த அறையில் நேரம் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல இருக்கும். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் தலை தொங்கிவிடும். ஆண்டவருக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை அவர் தூங்கித்தான் கொடுத்தார்.

அந்த மாசி மகத்துக்கு ஆற்று மணலில் பெரிய ராட்டினம் வந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆறு மணிக்கு ஆட்டோ வைத்துப் போகிறார்கள் என்றும், ஆறுக்குள் வந்தால் என்னையும் கூட்டிப்போவார்கள் என்றும் அம்மா சொன்னாள். அப்பாவிடம் கேட்டேன்.

“ஆறு இருவத்திநாலுக்குக் கெளம்பிடலாம்மா. ஆண்டவரு நேரத்துல நாம கை வெக்கக் கூடாது.”

அன்று சாயங்காலம் அப்பா தூங்கியபின் நான் ஜன்னலண்டை போனேன். கடிகாரம் ஐந்து இருபது காட்டியது. திருகாணியை இழுத்து, முள்ளை அரைமணி முன்னால் நகர்த்தி, அழுத்திவிட்டேன். மிக எளிதாக இருந்தது. நிமிர்ந்தால் மாமா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு முதுகு, அவருக்குத்தான் முகம் ஜன்னல் பக்கம் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

பேசுவது அவருக்குச் செலவு. ஒரு மூச்சுக்கு இரண்டு வார்த்தைதான் வரும். கண்ணை மட்டும் மூடித் திறந்தார்.

அப்பா விழித்து மணி பார்த்துத் திடுக்கிட்டார். வெளியே எட்டிப் பார்த்துவிட்டு மாமாவைக் கேட்டார்.

“ஆறு இருவத்திநாலு ஆயிடுச்சு. இன்னும் வெயிலு இருக்குதே. ஏன்டா, பாசஞ்சர் போயிடுச்சா?”

ஆறேகாலுக்கு அந்தப் பக்கம் ஒரு பாசஞ்சர் போகும். மாமா என்னைப் பார்த்தார். ஒரு மூச்சு எடுத்தார்.

“போயிடுச்சு,” என்றார். இன்னொரு மூச்சு. “நீ தூங்கிட்ட.” இன்னொன்று. “கெளம்பு. புள்ள காத்திருக்குது.”

அப்பா மெத்தையைச் சுருட்டி அவர் முதுகுக்கு அண்டைகொடுத்துவிட்டு, “போயிட்டு வரேன்டா” என்று கிளம்பினார். நான் திரும்பிப் பார்க்காமல் சைக்கிளில் ஏறிக்கொண்டேன்.

ஆட்டோ கிளம்புவதற்கும் நாங்கள் போய்ச் சேர்வதற்கும் சரியாக இருந்தது. ஆற்றுக்குப் போகும் வழியில் ரயில்வே கேட்டில் ஆட்டோவை நிறுத்திவிட்டார்கள். வண்டிகளின் வரிசையில் நாங்கள் காத்திருக்க, அந்தப் பாசஞ்சர் ஜன்னல் ஜன்னலாக விளக்கு போட்டுக்கொண்டு நிதானமாக எங்களைக் கடந்துபோயிற்று. போயிடுச்சு என்று மாமா சொன்ன அதே வண்டி. பாவம், மாமாவுக்குக் காதும் சரியாகக் கேட்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். நல்லவேளையாகவும் இருந்தது.

ராட்டினம் மேலே போய் நின்றபோது காற்றில் எங்கள் பெட்டி லேசாக ஆடியது. கீழே கோபுரங்களில் விளக்கு. மணலில் சின்னச் சின்ன அடுப்புகள். தூரத்தில் சூளைப் புகைபோக்கிகள் இருட்டோடு கரைந்துகொண்டிருந்தன. தண்டவாளம் மட்டும் கொஞ்ச தூரம் மினுங்கி மறைந்தது. யாரோ ஊரையே உள்ளங்கையில் வைத்து எனக்குக் காட்டுவதுபோல இருந்தது. கீழே இறங்கவே மனசில்லை.

வீட்டில் அப்பா ஏழேகால் செய்திக்காக ரேடியோவைத் திருப்பி, செய்தி வராமல் உழவர் நிகழ்ச்சி பேசக் கேட்டு, அப்போதுதான் கடிகாரம் அரைமணி முந்தி ஓடுவதைக் கண்டுபிடித்திருக்கிறார். சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பப் போவதற்குள் அத்தை வந்துவிட்டிருந்தாள். மாமா பெஞ்சிலிருந்து சரிந்து தரையில் கிடந்தாராம். உதடு நீலம் பூத்திருந்ததாம். அத்தை தூக்கி உட்காரவைத்து, முதுகைத் தேய்த்து, மூச்சு ஒரு நிலைக்கு வர வெகுநேரம் ஆயிற்றாம்.

மறுநாள் காலை அப்பா கடிகாரத்தை ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் மூடியைத் திறந்து பார்த்து, ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லி, துடைத்ததற்குக் காசு வாங்கிக்கொண்டார். சாயங்காலம் அப்பா அத்தையிடம், “என் தப்புதான். கடியாரம் ஏமாத்திடுச்சு” என்றார்.

“அவன் மேல தப்பில்ல,” என்று மாமா முந்திக்கொண்டார். “எனக்குத் தூக்கம் வந்துச்சு. நான்தான் போவச் சொன்னேன்.”

அத்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனாள். அப்பா ஆண்டவருக்குப் பட்ட அரைமணி பாக்கியை அன்றே தீர்த்துவிடுவது என்று ஆறே முக்கால் தாண்டியும் உட்கார்ந்திருந்தார். அத்தை வந்து சமையலையே தொடங்கிவிட்டாள். நான் பெஞ்சின் ஓரத்தில் நெளிந்துகொண்டிருந்தேன். மாமா தலையை அசைத்து என்னைக் கூப்பிட்டார்.

“மேலேந்து… என்ன தெரிஞ்சுது?”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, அப்பாவின் முதுகில் தலையைச் சாய்த்து, ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் நிறுத்தினால் கண்ணைத் திறப்பார். மறுபடி தொடங்குவேன். பார்க்காததையும் இரண்டொன்று சேர்த்துச் சொன்னேன்.

மழைக்காலம் வருமுன் மாமா போய்விட்டார். அப்பாவின் சாயங்காலங்கள் பிறகு வேறு யாருக்கோ போயின. வேறு பட்டறையில் முழுநாள் வேலை கிடைத்தபின் அவற்றை நேரம் மாற்றி விடிகாலையில் கொடுத்தார்.

கல்லூரி விடுமுறை ஒன்றில், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கடிகார விஷயத்தை அப்பாவிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அப்பாவும் சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி, “பாசஞ்சர் போயிடுச்சான்னு அவன்கிட்ட கேட்டேனே” என்றார். பிறகு, “அவன் உன்னைப் பாத்துட்டானா?” என்றார். நான் தலையாட்டினேன். அப்பா தட்டை நகர்த்திவிட்டுக் கை கழுவ எழுந்தார். நானும் அதற்குமேல் சாப்பிடவில்லை.

ராட்டினம் ஏறிய அந்த இரவு, படுக்குமுன் நான் முழங்கால் போட்டு, உம்முடைய அரைமணி நேரத்தை எடுத்துக்கொண்டேன், மன்னியும் என்று ஆண்டவரிடம் ஜெபித்தேன். உண்மையாகவே அழுதேன். ஜெபித்து முடித்ததும் மனசு லேசாகி, நன்றாகத் தூங்கிப்போனேன். அந்த அரைமணி ஆண்டவருடையதும் இல்லை, அப்பாவுடையதும் இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அதை எனக்குக் கொடுத்தவர் அந்நேரம் தண்டவாளத்து ஓரத்து அறையில் அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு அடுத்த மூச்சுக்குப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்.