சட்டியில் இருந்த சங்கரா

நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்க இன்றைக்கும் கூச்சம். ஆனால் அன்றைக்கு நான் பேசாமல் நின்றது கூச்சத்தால் இல்லை.

நெட்டுக்குப்பத்தில் எங்கள் தெருவுக்கும் மகளிர் குழு வந்திருந்த சமயம். அரசாங்கமும் பக்கத்துக் கம்பெனி ஒன்றும் ஊர்க்காரர்களும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டணத்து ஜனங்களைக் கூட்டி வந்து துடுப்புப் படகில் ஆற்றைச் சுற்றிக் காட்டுவது. படகு கம்பெனி கொடுத்தது. சாப்பாடு எங்கள் குழு. சட்டி என் கையில்.

ஆபீசர் ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். "மீன் வெளிய வாங்கக் கூடாதும்மா. இந்த ஆத்துல உங்க ஆளுங்க புடிக்கிறதத்தான் சமைக்கணும். அப்பதான் ஊருக்குப் பிரயோஜனம்."

பக்கத்து வீட்டுக்காரியின் புருஷன் ஆற்றில் வலை போடுகிறவர். முதல் ஞாயிறு மீன் அவளுடையது என்று பேச்சு.

அந்த ஞாயிறுக்கு ரெண்டு நாள் முன்னால், ருசி பார்க்க ஆற்று மடவை மீனை வறுத்து வைத்தேன். கம்பெனிக்காரர் ஒரு வாய் வைத்தார். மீதியை இலை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தண்ணீர் குடித்தார். எங்கள் ஆற்று மீனில் கொஞ்ச காலமாகவே மண்ணெண்ணெய் வாடை. நாங்கள் புளியை அதிகமாகப் போட்டுத் தின்று பழகியிருந்தோம். எனக்கு உடம்பே குறுகிப்போனது.

ஞாயிறு முதல் பஸ்ஸில் காசிமேடு மீன் மார்க்கெட்டுக்குப் போய்க் கடல் மீன் சங்கரா வாங்கி வந்துவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை.

வறுத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரி கூடை நிறைய மடவையோடு வந்தாள். சட்டியைப் பார்த்தாள். மசாலா பூசினால் எந்த மீன் என்று ஆபீசருக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியாதா? அதற்குள் ஆபீசர் ஜனங்களோடு வந்துவிட்டார்.

"வாசனை தூக்குதே! ஆத்து மீன்தானேம்மா?"

நான் குனிந்து சட்டியில் மீனைத் திருப்பிப் போட்டேன். அவள்தான் சொன்னாள். "ஆமா சார். எங்க வூட்டுக்காரரு புடிச்சாந்தது."

எல்லாரும் கை தட்டினார்கள். அவள் கூடைமேல் ஈரச்சாக்கைப் போட்டு மூடி, இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். மடவைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"இன்னா யக்கா, எங்க மீனு உன் சட்டிக்கு ஆவலியா?"

"வாடை கீதேன்னுதான்..." என்று இழுத்தேன்.

"கீதுதான். எனக்குத் தெரியாதா? அந்த ஆபீசரு ஒரு வாய் தின்னா, ஆத்துக்கு இன்னா ஆச்சுன்னு கேப்பாருன்னுதான் ஆசையா கொணாந்தேன். நீ நல்ல மீனாப் போட்டு அனுப்பிட்ட."

"அப்ப ஏன்டி பொய் சொன்ன?"

"நாலு பேரு முன்னால உன்ன எப்பிடிக்கா வுட்டுக்குடுக்கறது?"

சோறு போட்டாள். தலை நிமிராமல் தின்றேன். அடுத்த ஞாயிறு ஆற்று மீன்தான் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த ஞாயிறும் காசிமேட்டு பஸ்ஸில்தான் ஏறினேன். அவள் அதற்கப்புறம் கூடையோடு வரவே இல்லை.