பிறந்தநாள் பலகையில் அம்மாவின் கல்லறைப் பூங்கொடி

நீங்கள் திருடினீர்கள். என் அம்மாவின் கல்லறையில் இருந்த பூங்கொடியை எடுத்து, ரோஸ் நிறம் பூசி, குழந்தைகளின் முதல் பிறந்தநாளுக்கென்று விற்றீர்கள். உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை. நான் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

மற்றவர்களுக்காக என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரிலேயே போட்டோ ஆல்பம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். டிஜிட்டல் ஸ்கிராப்புக் என்பார்கள். அந்தப் பக்கங்களுக்கு வேண்டிய அலங்கார எழுத்து, மூலைப்பூ, ரிப்பன் எல்லாம் நான் வரைகிறேன். ஆண்டர்சன்பேட்டையில் ஒரு டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தவள் நான். கடையை மூடிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து இதைப் பிடித்துக்கொண்டேன்.

கோலார் தங்கவயலில் நவம்பரில் கல்லறைத் திருநாள் வரும். அதற்கு முன்னால் அவரவர் வீட்டுக் கல்லறையைக் கழுவி, வெள்ளையடித்து, பெயரைப் புதிதாக எழுதுவார்கள். பலர் பெயின்டரை வைத்து எழுதுவார்கள். அப்பாவுக்குப் பெயின்டர் எழுத்து பிடிக்காது, தானே எழுதுவார். அம்மா போன முதல் வருஷம் பெயரைச் சுற்றி நீலத்தில் ஒரு கொடி போட்டார். ஓரத்தில் பெயின்ட் ஒழுகிவிட்டது. துடைத்தால் இன்னும் அசிங்கமாகும் என்று அந்த ஒழுகலைத் தலைகீழாகத் தொங்கும் மொட்டாக மாற்றிவிட்டார். அடுத்த வருஷமும் அதே மொட்டையே போட்டார். கல்லறைத் தோட்டத்தில் வழி கேட்டால், "தலகீழ் மொட்டு போட்டிருக்கும் பாரு, அதுக்குப் பின்னால" என்று சொல்கிற அளவுக்கு அது எங்கள் வீட்டு அடையாளம் ஆகிவிட்டது.

அப்பாவும் போன பிறகு நான்தான் அதைப் போடுகிறேன். அண்ணன் மகளின் முதல் குழந்தை பிறந்த வாரமே இறந்தது. அம்மாவின் காலடியில் புதைத்தோம். அந்தச் சின்னச் சிலுவையிலும் அதே கொடியைப் போட்டேன். அண்ணன் மகள் அதற்குப் பிறகு கல்லறைத் தோட்டத்துக்குள் கால் வைக்கவே இல்லை.

அம்மா கல்லறையில் இருக்கிற அந்தக் கொடியையும், பெயருக்குக் கீழே அப்பா எழுதியிருந்த 'ஆண்டவரில் துயில்கொள்கிறார்' என்ற வரியையும் போட்டோ எடுத்து, கம்ப்யூட்டரில் ஒவ்வொரு வளைவாக வரைந்தேன். அந்த வரியில் இல்லாத எழுத்துகளை அப்பா எப்படி எழுதுவார் என்று யோசித்து நானே போட்டேன். காரை உதிர்ந்து தண்டு அறுந்திருந்த இடத்தைக்கூட அப்படியே விட்டேன். நீங்கள் நடத்துகிற முகநூல் குழுவில் எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தேன். இது கல்லறையில் இருப்பது, இறந்தவர்களின் நினைவுப் பக்கங்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள் என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தேன். நீங்கள் அதற்கு ஒரு இதயம் போட்டீர்கள்.

அண்ணன் மகளின் இரண்டாவது குழந்தைக்கு முதல் பிறந்தநாள். ஸ்கெலட்டன் என்கிற பகுதியில் அண்ணன் வீட்டு முன்னால் ஷாமியானா போட்டிருந்தார்கள். நான் உள்ளே நுழைந்ததும் அண்ணன் ஆரம்பித்தார்.

"ஊருக்கெல்லாம் பூ போடறவ, வீட்டுக் குழந்தைக்கு ஒரு பலூன் ஊதக்கூடாதா?"

"உங்க பொண்ணு என்னக் கேக்கலியே. பெங்களூரு டிசைன்தான் வேணுமாம்."

"சும்மா இருங்க அத்தை," என்று அண்ணன் மகள் சிரித்தாள். "சர்ப்ரைஸ். நானே காசு குடுத்து வாங்கி, நானே பண்ணேன்."

வாசலில் வைத்திருந்த பிறந்தநாள் பலகைமேல் இருந்த துணியை இழுத்தாள். ஆள் உயரத்துக்குக் குழந்தையின் முகம். நாலு மூலையிலும் கொடி. அழகாக இருக்கிறதே என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. அப்புறம் மொட்டைப் பார்த்தேன். தலைகீழாக, ஜிகினா தூவி, தொங்கிக்கொண்டிருந்தது. குழந்தையின் பெயர் என் அம்மாவின் கல்லறை எழுத்தில் இருந்தது.

அண்ணிதான் முதலில் பேசினார்.

"இது எங்க மாமியார் கல்லறைல இருக்கறது தானே?"

அண்ணன் மகள் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நாற்காலியில் இருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வாங்கும்போது போனில் சின்னதாக, ரோஸ் நிறத்தில் பார்த்ததில் அது எந்தக் கொடி என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இன்னாடி பண்ணி வச்சிருக்கற? செத்த குழந்தைக்குப் போட்ட பூவ உயிரோட இருக்கற குழந்தைக்குப் போடுவியா?"

"நான் போடல, அண்ணி."

"பின்ன யாரு? இந்த ஊர்ல கம்ப்யூட்டர்ல பூ வரையறது நீ ஒருத்திதான். எதத்தான் விக்கறதுன்னு கிடையாதா உனக்கு?"

அண்ணன் பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். கேக் வெட்டினார்கள். யாரும் பாடவில்லை.

அவள் காசு கொடுத்து வாங்கிய டிசைன் தொகுப்பு உங்கள் ஆன்லைன் கடையில்தான் இருந்தது. திறந்து என்னுடையதன்மேல் வைத்துப் பார்த்தேன். ஒரு மயிரிழை விலகவில்லை. தண்டு அறுந்த இடம்கூட அப்படியே. தொகுப்பின் பெயரையும் நிறத்தையும் மட்டும் மாற்றியிருந்தீர்கள். என் குறிப்பைக் காணோம். அதை வெட்டி எடுத்தவர் படிக்காமலா வெட்டியிருப்பார்? இன்னும் எனக்கு ஆறவில்லை.

உங்களுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, டென்ஷன் ஆகாதீங்க. இன்ஸ்பிரேஷன்தான். நெட்ல போட்டா எல்லாருக்கும் சொந்தம்தானே?"

"உங்க வீட்டு கேட்டு கூட ரோட்டுலதான் இருக்குது. கழட்டினு போவட்டா?"

"அதுவும் இதுவும் ஒண்ணா? பூ பூதானே அக்கா. யாருக்கு என்ன தெரியப்போகுது?"

"என் அண்ணிக்குத் தெரிஞ்சிடுச்சி."

போனை வைத்துவிட்டீர்கள். மறுநாள் தொகுப்பைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு, என்னையும் குழுவிலிருந்து நீக்கினீர்கள்.

அண்ணன் வீட்டுக்குப் போனேன், எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி கேட்டுக்கொண்டார். "வித்தவங்க வாயால சொல்லட்டும், நம்பறேன்" என்றார். குழந்தை என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டியது. அண்ணன் மகள் அதை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். குழந்தை பிறந்ததிலிருந்து, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சர்ச்சில் பூசை முடியும்வரை அது என் மடியில்தான் இருக்கும். இப்போது அவர்கள் வேறு பெஞ்சில் உட்காருகிறார்கள்.

தனியாக எனக்கு மன்னிப்புச் செய்தி அனுப்ப வேண்டாம். பணமும் வேண்டாம். அண்ணன் மகள் இன்னும் உங்கள் குழுவில்தான் இருக்கிறாள். அங்கே, எல்லாரும் பார்க்கும்படி, உங்கள் சொந்தப் பெயரில் எழுதுங்கள். கொடியை எடுத்தது நீங்கள். அது கல்லறையில் இருப்பது என்று தெரிந்தே எடுத்தீர்களா, இல்லையா? பதில் சொல்லுங்கள். தமிழில் எழுதுங்கள். அண்ணிக்கு இங்கிலீஷ் படிக்க வராது.