கழுவியும் போகாத கறுப்பு

நேற்று வீட்டுக் குழாயடியில் உருளைக்கிழங்கு கழுவிக்கொண்டிருந்தேன். ஒன்றின் தோலில் மட்டும், மிளகைத் தட்டிப் போட்டது போல அங்கங்கே கறுப்புப் புள்ளிகள். கட்டைவிரலால் தேய்த்தேன், போகவில்லை. கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலையின் சமையல்கட்டு நினைவுக்கு வந்தது. சமையல்கார அக்காவும்தான்.

அங்கே கேன்டீன் பொறுப்பு என்னுடையது. அக்கா நாகலாபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். கிழங்கைத் தோலோடு அவித்து உரிப்பது எங்கள் வழக்கம். அதனால் கழுவுவதில் கறாராக இருப்பாள். ஒருநாள் முதலாளி உள்ளே வந்து, கழுவி வைத்த கிழங்கில் ஒன்றை எடுத்துப் பார்த்தார். "என்னய்யா, நம்ம பிள்ளையளுக்கு மண்ணையா அவிச்சுப் போடுதீங்க?" என்று என்னைக் கேட்டார். பத்துப் பேர் முன்னால் எனக்கு முகம் சுண்டிப்போனது. அவர் போனதும் அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"நாலு தண்ணி மாத்திக் கழுவிட்டேன் சார். மண்ணுன்னா ஈரத்துல கரையும்லா? இது கரையல. நகத்தால சுரண்டுனாத்தான் உதிருது. கெழங்குக்கு ஏதோ சீக்கு சார்" என்றாள்.

நான் கேட்டால்தானே! மழை பெய்தால் செருப்பைப் பிடித்து இழுக்கும் கரிசலில் பிறந்து வளர்ந்தவன், எனக்கா மண்ணைத் தெரியாது என்ற திமிர். "மண்ணைப் பத்தி எங்கிட்டயே கதை சொல்லுதியளா? நாளையிலேருந்து வரவேண்டாம்" என்றேன். அக்கா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் சம்பளத்தில்தான் மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

மறுநாள் வேறொருத்தி கழுவினாள். கறுப்பு அப்படியே இருந்தது. இரண்டு கிழங்குகளை எடுத்துக்கொண்டு, தெரிந்த வேளாண்மை அலுவலரிடம் போனேன். அவர் ஒன்றை நனைத்து, நகத்தால் சுரண்டினார். "மண்ணுன்னா கரைஞ்சிரும். இது பூஞ்சை நோய். வெளைஞ்ச வயல்லயே ஒட்டிக்கிட்டு மூட்டையோட வந்துரும். விதைக்கு ஆகாது, தோலை எடுத்துட்டுச் சாப்பிடலாம்" என்றார். அக்கா சொன்ன அதே வார்த்தை. அவர் சொன்னதும் நம்பினேன்.

அன்றே நாகலாபுரம் போய் அக்காவைத் திரும்ப வரச் சொன்னேன். "கழுவுனேன்னு சொன்னேன்லா சார்" என்றாள், அவ்வளவுதான். வந்தாள். ஆனால் நான் அங்கே வேலைபார்த்த கடைசி நாள்வரை, கழுவிய கிழங்கில் ஒன்றை என் மேஜைக்குக் கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் அடுப்பில் ஏற்றினாள். "வேண்டாம்க்கா" என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "பாத்துருங்க சார்" என்பாள்.

நேற்று என் மனைவி எட்டிப் பார்த்து, "இன்னும் மண்ணு போவலையா?" என்றாள்.

"நல்லாக் கழுவிட்டேன். பாத்துரு" என்று, ஈரம் சொட்டும் அந்தக் கிழங்கை அவளிடம் நீட்டினேன்.