லைன்லயே இரு

இன்று கம்பளையிலிருந்து கண்டிக்கு வரும் பஸ்ஸில், பக்கத்து சீட் அக்கா போனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்தார்.

"தம்பி, லைன்ல இப்ப யாருமே இல்லையே."

"சிக்னல் போயிருக்கும்க்கா. திரும்ப எடுத்துப் பாருங்க."

"போன் லைன சொல்லல. தேயிலைத் தோட்டத்துல நாங்க இருந்த லைன் வீடுங்க. மண்சரிவுல எல்லாக் காம்பராவும் போயிருச்சு. தங்கச்சியும் போயிட்டா, போனோட."

மனசு கேட்காமல் தினமும் அந்த நம்பருக்கு எடுப்பாராம். ஒருநாளும் ரிங் போனதில்லை.

"இன்னைக்குப் போச்சு. அவ குரலேதான். 'லைன்லயே இரு, வந்துர்றேன்'னா. எந்த லைன்ல தம்பி?"



பேராதனையில் இறங்கியவர், போனைக் காதிலிருந்து எடுக்காமலே, திரும்பிப் போகும் பஸ்ஸில் ஏறினார்.

பதில் தெரிந்தவர்கள் கமெண்ட்டில் சொல்லுங்கள். தயவுசெய்து இன்று எனக்குப் போன் கோல் மட்டும் எடுக்காதீர்கள்.