கூழாங்கல் மேல் போட்ட கூடாரங்கள்

1. பார்க்காத பருவம்

இலையுதிர்காலத்தை நான் நேரில் பார்த்ததில்லை. சிங்கப்பூரில், புக்கிட் மேராவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே கூட்டுபவருக்கு வருடம் முழுக்க இலையுதிர்காலம்தான். அது கணக்கில் சேராது. பாலைவனத்தையும் பார்த்ததில்லை. ஆகவே ஒரு பாலைவனத்தின் இலையுதிர்கால அவுட்லுக்கை எழுதும் வேலை, ஆபீஸ் வழக்கப்படி, என்னிடம் வந்தது.

எங்களுடையது தனியார் வானிலை நிறுவனம். கேட்டவர் மாணிக்கம், பூன் லேயில் இருக்கும் ஒரு கட்டுமான நிறுவனத்தின் புராஜெக்ட் மேனேஜர். அரேபியப் பாலைவனம் ஒன்றில் சோலார் பேனல் பொருத்த நாற்பது பேரை அனுப்பவிருந்தார். மூன்று மாதத்துக்கு வெயில், காற்று, மழை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

தொழிலுக்குப் புதியவர்களுக்கு ஒரு விளக்கம். ஃபோர்காஸ்ட் வேறு, அவுட்லுக் வேறு. நாளைக்கு மழை வருமா என்று சொல்வது ஃபோர்காஸ்ட். இந்த சீசனின் மொத்த மழை வழக்கத்தைவிடக் கூடுமா குறையுமா என்று மட்டும் சொல்வது அவுட்லுக். எந்த நாள், எந்த மணி என்று அதனிடம் கேட்கக் கூடாது. ஜாதகத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்றால், நாங்கள் கடைசிப் பக்கத்தில், கணித்துச் சொன்ன கம்ப்யூட்டர் மாடலின் பெயரைப் போடுவோம்.

அந்த முறை மாடல்கள் எல்லாம் ஒத்துப்போயின. மழை பிலோ நார்மல், அதாவது வழக்கத்தைவிடக் குறைவு. வெயில் மெல்லத் தணியும். வெளியே வேலை செய்ய ஏற்ற காலம். ஆறு பக்கம் எழுதினேன். மேலதிகாரி லிம் படித்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் வராது.

2. தேக்காவில் பிரியாணி

ஆட்கள் போய் இறங்கிய பிறகு, மாணிக்கம் என்னைத் தேக்கா சந்தைக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். பிரியாணி வந்ததும் போனை நீட்டினார். வெள்ளைக் கூடாரங்கள் இரண்டு வரிசையாக நின்றன.

"இடம் எப்படிண்ணே? முதல்ல மேட்டுல போடறதா இருந்துச்சு. அங்க ஒரே காத்து, லாரியும் ஏற மாட்டேங்குது. உங்க ரிப்போர்ட்ல மழை கம்மின்னு இருந்துச்சா, சரின்னு கீழயே இறக்கிட்டோம். தரை கார்பெட் மாதிரி இருக்கு லா."

படத்தைப் பெரிதாக்கினேன், கொஞ்சம் பெருமையோடுதான். எங்கள் அறிக்கையைப் படித்து ஒருவர் ஏதாவது செய்வது அபூர்வம். கூடாரக் கயிற்றின் மேல் வைத்திருந்த கல் உருண்டையாக இருந்தது. பக்கத்துக் கல்லும் அப்படியே. தரை முழுக்க முட்டை முட்டையாகக் கற்கள். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மண் கரை.

"மாணிக்கம், அங்க யாருக்காவது போன் போடுங்க."

"முதல்ல சாப்பிடுங்கண்ணே."

"போடுங்க."

சூப்பர்வைசர் முருகேசன் எடுத்தார். பரமக்குடிக்காரர், முன்பு செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் இருந்தவர். ஸ்பீக்கரில் போட்டோம்.

"முருகேசன், தரையில என்ன கல்லு கிடக்கு?"

"கூழாங்கல்லு சார். வழவழன்னு இருக்கு. வெறுங்காலோட நடக்கலாம்."

"அது எங்க கிடக்கும்?"

"ஆத்துலதான் சார். வந்த அன்னைக்கே நினைச்சேன் சார். நான் வைகைக்கரைக்காரன், காஞ்ச ஆறு எனக்குத் தெரியாதா. ஆனா சிங்கப்பூர்லேருந்து ரிப்போர்ட் வந்திருக்கு, மழை இல்லேன்னு சொன்னாங்க. படிச்சவங்க சொல்லும்போது நான் என்னத்தச் சொல்ல?"

ரிப்போர்ட் எழுதிய படித்தவர் பிரியாணித் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

3. என் ரிப்போர்ட்டுக்கு எதிராக நான்

"மழை கம்மின்னு எழுதினது நீங்கதானே? இப்ப மழை வரும்ங்கிறீங்களா?" என்றார் மாணிக்கம்.

"வராமலும் போகலாம்."

"என்னண்ணே இது. கேம்ப்ப மாத்தணும்னா மூணு நாள் வேலை நிக்கும். எம்.டி.கிட்டப் போய், 'வராமலும் போகலாம் சார்'னு சொல்லவா?"

அவர் கேட்டதில் தவறில்லை. தவறு என்னுடையது, அதுவும் சிங்கப்பூர்க்காரன் செய்யக்கூடிய தவறு. இங்கே மழை தினக்கூலி ஆள்போல. அடிக்கடி வந்து, கொட்டிவிட்டு, கால்வாயில் இறங்கிக் கடலுக்குப் போய்விடும். மொத்தம் குறைந்தால் தொல்லையும் குறையும் என்று கை தானாக எழுதிவிட்டது. பாலைவனத்தில் ஒரு சீசனின் மழை முழுவதும் ஒரே மத்தியானத்தில் விழலாம். கேம்ப்பில் விழக்கூட வேண்டாம்; தூரத்து மலையில் விழுந்தால், காய்ந்த ஆறு அதைக் கொண்டுவந்து சேர்க்கும். அப்போதும் மொத்தத்தைக் கூட்டினால் பிலோ நார்மல் என்றே வரலாம். இதெல்லாம் நான் படித்து, பரீட்சை எழுதி, மார்க் வாங்கிய பாடம். ஆறு பக்கத்தில் அதற்குத்தான் இடமில்லாமல் போயிற்று.

லிம்மிடம் போய் ரிவைஸ்டு நோட் அனுப்ப வேண்டும் என்றேன். மாடல் மாறிவிட்டதா என்றார். இல்லை. எண் தப்பா? இல்லை. பிறகு எதைத் திருத்தப் போகிறாய் என்றார். ஆற்றுக்குள் படுக்காதீர்கள் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று சொல்லிப் படத்தைக் காட்டினேன். கூழாங்கற்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். "அனுப்பு, என் பெயரையும் போடு" என்றார். அவரைப் பற்றி அதுவரை நான் சொல்லிவந்த பல விஷயங்களை அன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

மாணிக்கம் அந்த நோட்டைக் காட்டி, எம்.டி.யிடம் திட்டு வாங்கி, கேம்ப்பை மேட்டில் ஏற்றினார். "மழை வரலேன்னா உங்களத்தான் எம்.டி. முன்னாடி நிறுத்துவேன்" என்று என்னிடம் சொல்லி வைத்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: கடைசிக் கூடாரமும் மேலே ஏறிவிட்டது என்று தெரிந்தபிறகு, மழை வந்தால் தேவலை என்றுதான் நினைத்தேன்.

4. வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை அங்கே வார விடுமுறை. அவர்களுக்கு மத்தியானம், எனக்குச் சாயங்காலம். சிராங்கூன் ரோட்டுக் காய்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது முருகேசன் கூப்பிட்டார்.

"சாப்பிட்டு எல்லாரும் படுத்துட்டோம் சார். இங்க ரெண்டு தூறல்தான். மலைப்பக்கம் இடிச்சிட்டே இருந்துச்சு. திடீர்னு லாரி வர்ற மாதிரி சத்தம். வெளிய வந்து பார்த்தா, கீழ கரைக்குக் கரை தண்ணி. அங்கயே விட்டுட்டு வந்த டாய்லெட் கேபின் படகு மாதிரிப் போகுது சார்."

"எல்லாரும் இருக்காங்களா?"

"நாப்பது பேரும் இருக்கோம். ரெண்டு தடவ எண்ணிட்டேன்."

"இன்னொரு தடவ எண்ணுங்க."

எண்ணினார். ஒவ்வொரு பெயராகச் சொல்லி எண்ணினார். நான் போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தேன். கடைக்காரர் "என்னண்ணே, மயக்கமா?" என்று ஒரு ஸ்டூலைத் தள்ளினார். உட்கார்ந்தேன். கால் கிலோ போதும் என்று நினைத்தவன், சந்தோஷத்தில் இரண்டு கிலோ முருங்கைக்காயோடு வீட்டுக்குப் போனேன். அதற்கு வீட்டில் நான் சொன்ன விளக்கம் இன்றுவரை ஏற்கப்படவில்லை.

சீசன் முடிந்ததும், சொன்னதும் நடந்ததும் பொருந்துகிறதா என்று வெரிஃபிகேஷன் செய்வோம். அந்த சீசனின் மொத்த மழை, அந்த மத்தியானத்தையும் சேர்த்து, பிலோ நார்மல். அவுட்லுக் சரி. அந்த வருடம் நான் எழுதியவற்றில் மிகச் சரியானது அதுதான். நாற்பது பேரை ஆற்றுக்குள் படுக்க வைத்ததும் அதுதான்.

எண் சரியா என்று பார்ப்பது பாதி வேலை. அந்த எண்ணை நம்பி ஒருவர் எங்கே பாயை விரிப்பார் என்று கேட்பது மீதிப் பாதி. இப்போதெல்லாம் யார் வந்தாலும் முதலில் அதைக் கேட்டுவிடுகிறேன். போன மாதம் கடற்கரையில் கல்யாணம் வைத்திருந்த ஒரு மாப்பிள்ளை, மழை வருமா என்று விசாரிக்க வந்தார். பழக்கத்தில், "எங்க படுக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டு, "ஹோட்டல் புக் பண்ணிட்டோம் அங்கிள்" என்றார்.

எத்தனையாவது மாடி என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.