பத்துத் தாளில் பத்து வளைவு

உம்மாவும் வாப்பாவும் ஹஜ்ஜுக்குப் போக ஆயத்தமான வருடம் எனக்கு ஒன்பது வயது. காசாகக் கொண்டுபோனால் கூட்டத்தில் களவு போகும் என்று பயணக் காசோலைகள் வாங்க முடிவாயிற்று. அதற்கு விதிகள் இரண்டு. வாங்கும்போது இங்கே வங்கியில் ஒரு கையெழுத்து. மாற்றும்போது மக்காவில் இன்னொன்று. இரண்டும் ஒன்றுபோல் இருந்தால்தான் காசு. ஆளுக்கு இவ்வளவு என்ற கட்டுப்பாடு இருந்ததால் பாதி உம்மாவின் பெயரில் எடுக்க வேண்டியிருந்தது. உம்மாவோ அதுவரை பெருவிரல் பதித்தே பழகியவர்.

கற்பிக்கும் வேலை எனக்கு மூத்தவளான ராத்தாவுக்குப் போனது. அஸர் தொழுகைக்குப் பிறகு இருவரும் ஒரே பாயில், தலையோடு தலை முட்ட இருப்பார்கள். ராத்தா உம்மாவின் கையைப் பிடித்து எழுதுவாள். அவளைவிட என் எழுத்துத்தான் வடிவு.

"நானும் காட்டித் தாறன் உம்மா."

"அங்கால போ புள்ள, உம்மாவக் குழப்பாத" என்பாள் ராத்தா. உம்மாவும் சிரித்துக்கொண்டு அவள் பக்கமே சாய்வார்.

ஆகவே உம்மா அடுப்படியில் தனியாக இருந்த நேரம் பார்த்து, கரித்துண்டால் தரையில் அவர் பெயரை எழுதி, கீழே ஒரு வளைவு இழுத்துக் காட்டினேன்.

"பெரிய ஆக்கள் இப்பிடித்தான் கையெழுத்து வெக்கிற. கள்ளனுக்குப் பார்த்து எழுத ஏலா."

"வடிவாத்தான் இரிக்கு மகள்" என்றார் உம்மா.

வங்கியில் அதையே போட்டுவிட்டு வந்தார். வாப்பா உம்மாவின் காசோலைத் தாள்கள் பத்தையும் மேசையில் பரப்பினார். பெயர் பத்திலும் ஒன்றுதான். வளைவுதான் ஒன்றில் பாம்பு, ஒன்றில் தூண்டில், ஒன்றில் ஆட்டு வால்.

"இத அங்க போய் எப்பிடித் திருப்பி வெக்கிற? ஆள் தெரியாத ஊர்ல பசியோட நிக்கவா? ஆரு இந்த வாலப் பழக்கின?"

உம்மா வாய் திறக்குமுன் ராத்தா சொன்னாள்: "நான்தான் வாப்பா."

வாப்பா ஏசிய ஏச்சு அடுத்த வளவுக்கும் கேட்டது. அதன்பின் பயண நாள் வரை காலையும் மாலையும் பாயில் அவர்கள் இருவரும்தான். பாம்புத் தாளுக்குப் பாம்பு, தூண்டில் தாளுக்குத் தூண்டில் என்று ராத்தா ஒவ்வொன்றாகப் பழக்கினாள்.

உம்மா திரும்பி வந்ததும், பத்தும் தடங்கலின்றி மாறியதென்று சொல்லி ராத்தாவைக் கட்டிக் கொஞ்சினார். எனக்கு வயிறு எரிந்தது. என் வளைவைத் தன்னுடையது என்று சொல்லி, உம்மாவையும் எடுத்துக்கொண்டாளே! ஒரு மாதம் நான் அவளோடு கதைக்கவில்லை. என்ன கோபம் என்று அவள் கேட்கவுமில்லை. பள்ளிக்கூடம் போகுமுன் என் தலையை மட்டும் வழமைபோல் பின்னிவிட்டாள்.